வீட்டில் பிட்சிங் பழக என்ன வாங்குவது? நெட், மவுண்ட், ரேடார், எடைப் பந்து: ஓர் ஒப்பீடு

லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பால் அமைப்பு) பதிவு தொடங்கும் சமயத்தில் அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் கேட்கிற கேள்வி இது: "பிள்ளை பிட்சர் ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. வீட்டுல பழக என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" பேஸ்பாலில் மட்டையாளருக்கு (பேட்டர்) பந்து எறிபவர் பிட்சர், அவர் நின்று எறியும் மேடு மவுண்ட், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர் கேச்சர். கடையில் ஐம்பது டாலர் நெட்டும் இருக்கிறது, பல ஆயிரம் டாலர் கேமராவும் இருக்கிறது. எல்லாப் பெட்டியிலும் வேகம் கூடும், குறி தப்பாது என்றே எழுதியிருக்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. நெட்டில் எவ்வளவு பந்து போடுகிறோமோ அவ்வளவுக்குக் கை படியும் என்பது. பேஸ்பால் பிட்சிங்குக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பிட்ச் செய்யும்போது முழங்கை மடங்கித் திரும்பி விசையோடு விரிகிறது. அந்த இழுவை முழுக்க முழங்கையின் உட்புறத்தில் போய் விழுகிறது. வளரும் பிள்ளைக்கு அந்த இடத்தில் எலும்பு இன்னும் முற்றவில்லை. வளர்ச்சி நடக்கும் மெல்லிய பகுதி அங்கேதான் இருக்கிறது. அது இழுபட்டு வலிப்பதற்கு "லிட்டில் லீக் எல்போ" என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு பருவத்தில் அந்தக் கை தாங்கும் பந்துகளுக்கு ஓர் அளவு உண்டு.

ஆகவே சாதனம் வாங்கும்போது "இது எத்தனை பந்து எறிய வைக்கும்" என்று பார்க்காதீர்கள். "எறிகிற ஒவ்வொரு பந்தைப் பற்றியும் பிள்ளைக்கு என்ன தெரியவைக்கும்" என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் நான் எதையாவது வேண்டாம் என்று சொன்னால், பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

(சாஃப்ட்பால் பிட்சிங் கீழ்க்கை எறி. மவுண்ட் கிடையாது, பந்தும் வேறு. மகள் சாஃப்ட்பால் ஆடுகிறாள் என்றால் இங்கே சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

கையின் கணக்கு

தொழில்முறை லீக்கான எம்.எல்.பி.யும் தேசிய அமைப்பான யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட "பிட்ச் ஸ்மார்ட்" வழிகாட்டியில் ஒரு நாளுக்கான உச்ச வரம்பு இருக்கிறது. 7–8 வயதுக்கு 50 பிட்ச் (எறி), 9–10 வயதுக்கு 75, 11–12 வயதுக்கு 85, 13 முதல் 16 வயது வரை 95. ஓய்வு நாளும் கூடவே வருகிறது. 14 வயது வரை உள்ளவர்கள் 20 பிட்ச் வரை போட்டால் மறுநாளே போடலாம். 21–35 போட்டால் ஒரு நாள், 36–50 போட்டால் இரண்டு நாள், 51–65 போட்டால் மூன்று நாள், 66-ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் நான்கு மாதமாவது பிட்சிங்கை விட்டுவிட வேண்டும் என்பதும் அதே வழிகாட்டியில் இருக்கிறது.

ஆனால் இந்த எண்கள் ஆட்டத்தில் போடும் பிட்ச்களுக்கானவை. வீட்டுப் பின்கட்டில் போடுவதை யாரும் எண்ணுவதில்லை. பிள்ளை லிட்டில் லீக்கிலும் ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் அணியிலும் சேர்ந்து ஆடினால் ஓர் அணியின் கணக்கு இன்னோர் அணிக்குப் போய்ச் சேர்வதும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டக்கூடியவர் பெற்றோர் மட்டும்தான்.

அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. தோளிலோ முழங்கையிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்ட இளம் பிட்சர்களையும், பெரிய காயம் எதுவும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் பிட்ச் செய்தவர்களுக்குக் காய வாய்ப்பு ஐந்து மடங்கு இருந்தது. கை சோர்ந்த பிறகும் வழக்கமாகப் பிட்ச் செய்தவர்களுக்கு 36 மடங்கு. சாதனம் வாங்கப் போகும் முன் அந்த 36-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்து எடை போடுகிறேன்

முதலாவது, சாதனம் கையை எப்படி நடத்துகிறது: பந்துகளைக் குறைக்க உதவுகிறதா, கூட்டத் தூண்டுகிறதா. இரண்டாவது, ஆட்டத்துக்கு எவ்வளவு நெருக்கம்: தூரம், மேட்டின் சரிவு, பந்து, குறி. லிட்டில் லீக்கில் பிட்சிங் தூரம் 46 அடி, மவுண்ட் உயரம் 6 அங்குலம். முழு அளவு மைதானத்தில் 60 அடி 6 அங்குலத் தூரம், 10 அங்குல உயரம். மூன்றாவது, எறிந்த பந்தைப் பற்றிப் பிள்ளைக்கு என்ன சேதி திரும்பி வருகிறது. நான்காவது, சுற்றியிருப்பவர்களுக்கு ஆபத்து உண்டா. ஐந்தாவது விலை. விலை என்றால் அட்டையில் ஒட்டியிருப்பது மட்டும் இல்லை. இடம், பராமரிப்பு, பிள்ளை வளர்ந்துவிட்டால் அது என்னாகும் என்பதெல்லாம் சேர்த்துத்தான்.

| வழி | உத்தேச விலை (டாலர்) | ஆட்டத்துக்கு நெருக்கம் | என்ன தெரியவரும் | கவனிக்காமல் விடும் செலவு |
|---|---|---|---|---|
| வீட்டுப் பெரியவர் கேச்சராக உட்காருவது | 100–250 | அதிகம் | குறி, அசைவு, கை சோர்வு | முட்டிவலி, நேரம் |
| நெட், குறிப்பலகை, கயிறு | 20–250 | நடுத்தரம் | குறி மட்டும் | பின்தடுப்பு, கிழியும் வலை |
| ரீபவுண்டர் (பந்தைத் திருப்பி அனுப்பும் வலை) | 80–250 | குறைவு | மிகக் குறைவு | ஓய்வில்லாத எறி |
| கையடக்க மவுண்ட் | 300–2,500 | மிக அதிகம் | கால் விழும் இடம், சமநிலை | பிள்ளை வளர்ந்ததும் மாற்ற வேண்டும் |
| ரேடார் | 100–450 | பொருந்தாது | வேகம் | முழு விசையில் எறியும் ஆசை |
| எடைப் பந்துகள் | 50–150 | குறைவு | கிட்டத்தட்ட எதுவும் இல்லை | காய அபாயம், பயிற்சியாளர் கட்டணம் |

வீட்டுப் பெரியவரே கேச்சர்

என்னைக் கேட்டால் முதல் செலவு இதுதான். நல்ல கேச்சர் மிட் (தடித்த கையுறை), முகக்கவசம், ஆண்கள் என்றால் கப் (அடிவயிற்றுக் காப்பு), உட்கார ஒரு வாளி. எந்த இயந்திரமும் தராத ஒன்று இதில் கிடைக்கிறது. பந்து எங்கே வந்தது, எப்படித் திரும்பியது, முன்னைவிட மெதுவாக வந்ததா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். கை சோர ஆரம்பித்தால் பந்துகள் மேலே மேலே போகும், பிள்ளை ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் தோளை உருட்டிக்கொள்ளும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது உடனே கண்ணில் படும். "இன்னிக்குப் போதும், வா" என்று அவர் சொல்லிவிடலாம். நெட் அப்படிச் சொல்லாது.

முகக்கவசத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். "சின்னப் பையன்தானே எறியறான்" என்று வெறும் கையுறையோடு உட்காருகிறவர்களை எல்லாப் பூங்காவிலும் பார்க்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 மைல் என்றால் வினாடிக்கு 88 அடி. 46 அடியைக் கடக்க அரை வினாடிக்குக் கொஞ்சம் மேல். பந்து கையை விட்டு விலகும் இடம், பிட்சர் காலூன்றும் ரப்பர் பட்டைக்குப் பல அடி முன்னால் என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு. தரையில் குத்தி எழும் பந்துக்கு அதுகூடக் கிடையாது. நாற்பது வயதுக் கண்ணுக்கு, மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில், இது விளையாட்டு இல்லை.

இந்த வழி யாருக்கு ஒத்துவராது? வேலை முடிந்து இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருகிறவருக்கு. முட்டிவலி, கண்பார்வைக் குறை உள்ளவருக்கு. பிள்ளை 13 வயதைத் தாண்டி மணிக்கு 70 மைலை நெருங்கிவிட்டால் பழக்கமில்லாத பெரியவர் யாராக இருந்தாலும் விலகிக்கொள்வது நல்லது. அப்போது அணியில் கேச்சராக ஆடும் பிள்ளையை அழைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும் பழக்கம். ஒரே நாளில் 41 பிட்ச் போட்டவர் அன்று மிச்ச நேரம் கேச்சராக ஆடக்கூடாது என்பது லிட்டில் லீக் விதி. கேச்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறார் என்பதுதான் அதற்குக் காரணம். வீட்டுப் பழக்கத்திலும் இரண்டு பிள்ளைகளும் மாறி மாறி இரண்டு வேலையையும் செய்ய விடாதீர்கள்.

நெட்டும் கயிறும்

பிடிக்க ஆள் இல்லாதபோது நெட். கடையில் இரண்டு வகை அதிகம். ஏழடிக்கு ஏழடி வெறும் வலை ஒன்று, ஸ்ட்ரைக் ஸோனை (பந்து கடக்க வேண்டிய வெளியை) ஒன்பது பையாகப் பிரித்த குறிவலை இன்னொன்று. ஒன்பது பை பார்க்க அழகாக இருக்கும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் 11 வயதுப் பிட்சருக்கு ஒன்பது குறி தேவையில்லை. பெரிய லீக்கில் ஆடுகிறவர்களே மூலைக்குக் குறிவைத்துத் தவறுகிறார்கள். உள்பக்கம், வெளிப்பக்கம், கீழே என்று மூன்று இடம் போதும்.

அதைச் செய்யச் செலவே ஆகாத பழைய வழி ஒன்று உண்டு. புளோரிடாவின் வீரோ பீச்சில் டாட்ஜர்ஸ் அணியின் பயிற்சி முகாமில் அணி நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, பேட்டர் பக்கத்தில் நிற்கும் தரைப்பலகையான பிளேட்டுக்கு மேலே ஸ்ட்ரைக் ஸோன் அளவுக்குக் கயிறு கட்டி வைத்தார். பிட்சர்கள் அந்தக் கயிற்றுச் சதுரத்துக்குள் பந்தை விட்டுப் பழகினார்கள். நீங்களும் இரண்டு கம்பும் நைலான் கயிறும் வாங்கி இதைச் செய்யலாம். அகலம் பிளேட்டின் அகலமான 17 அங்குலம். உயரம் உங்கள் பிள்ளை வயதுப் பேட்டர் ஒருவரின் அக்குளிலிருந்து முழங்கால் மேல்பகுதி வரை. கயிற்றுக்குப் பின்னால் நெட்டை நிறுத்திவிடுங்கள். கயிற்றில் பந்து பட்டால் அது அதிர்வதைப் பிள்ளை 46 அடியிலிருந்தே பார்க்கும். அந்தச் சேதி ஒன்பது பை வலையைவிடத் தெளிவானது.

நெட்டின் உண்மையான செலவு அதன் பின்னால் இருக்கிறது. ஏழடி நெட்டைத் தாண்டிப் பந்து போகும், கட்டாயம் போகும். பின்னால் பக்கத்து வீட்டு ஜன்னலோ நடைபாதையோ இருந்தால் இன்னொரு பெரிய தடுப்புவலை வேண்டும், அல்லது நெட்டை வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்த வேண்டும். வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்பு என்றால் முன்புல்வெளியில் நெட் நிறுத்த அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பந்து பட்டால் நேராகத் திரும்பிப் பிட்சரிடமே வரும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் பஞ்சு உறை ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதைச் சட்டம் முழுக்க மாட்டிவிடுங்கள். காற்றுக்குச் சாயாமல் இருக்க அடியில் மணல்மூட்டை. வெயிலில் கிடக்கும் வலை நைந்துபோகும், ஒவ்வொரு பருவமும் தொடங்கும் முன் கையால் இழுத்துப் பாருங்கள்.

நெட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாளி நிறையப் பந்து வைத்துக்கொண்டு பிள்ளை தனியாக நின்றால் வாளி காலியாகும்வரை எறியும். அதனால் வாளியில் பத்துப் பன்னிரண்டு பந்துக்கு மேல் வைக்காதீர்கள். காலியானதும் நடந்துபோய்ப் பொறுக்கி வரட்டும், அந்த நடைதான் கைக்கு ஓய்வு. கீழே கிடக்கும் பந்துகளைப் பிட்சரின் கால் விழும் பகுதியிலிருந்து ஒதுக்கியே வைக்கவும். பந்தின் மேல் கால் வைத்துக் கணுக்கால் பிசகுவது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

ரீபவுண்டர்

எறிந்த பந்தைத் திருப்பி அனுப்பும் இழுவை வலை இது. பிட்சிங்குக்கு வாங்க வேண்டாம்.

காரணம் நேரம். 2023-இல் பிட்ச்களுக்கு இடையிலான நேரத்தை வரையறுக்கும் பிட்ச் கடிகாரத்தை எம்.எல்.பி. கொண்டுவந்தபோதுகூட, பேஸில் எதிரணி ஓட்டக்காரர் யாரும் இல்லாத நிலையில் பிட்சருக்கு 15 வினாடி கொடுத்தார்கள். அதற்கே கை ஓய்வு போதுமா என்று விவாதம் எழுந்தது. ரீபவுண்டர் ஓரிரு வினாடியில் பந்தைத் திருப்பிவிடும். பிள்ளை அதைப் பிடித்த வேகத்தில் மறுபடி எறியும். பத்து நிமிடத்தில் ஓர் ஆட்டத்தின் பிட்ச் எண்ணிக்கையைத் தாண்டிவிடலாம். எறிந்து முடித்து உடல் இன்னும் முன்னே சரிந்திருக்கும்போதே பந்து முகத்தை நோக்கி வருவது தனி ஆபத்து.

அதே சாதனம் ஃபீல்டிங்குக்கு அருமையானது. மென்பந்தை வைத்து மெதுவாக எறிந்து, திரும்பி வருவதைப் பிடித்துப் பழகலாம். தம்பி தங்கைகள் இருக்கும் வீட்டில் அதற்காக வாங்கினால் காசு வீணாகாது.

கையடக்க மவுண்ட்

ஆட்டத்துக்கு மிக நெருக்கமான பழக்கம் இதில்தான். சமதரையில் நன்றாக எறியும் பிள்ளை மவுண்டில் ஏறியதும் பந்தெல்லாம் உயரப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சரிவில் முன்கால் சற்றுத் தாமதமாகத் தரையைத் தொடுகிறது, பழக்கமில்லாத கை அவசரப்பட்டு முன்னதாகவே பந்தை விட்டுவிடுகிறது. சரிவில் பழகித்தான் இது சரியாகும்.

சரிவுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு பேஸ்பால் வரலாறே சாட்சி. 1968-இல் பிட்சர்களின் கை மிக ஓங்கி நின்றது, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பாப் கிப்சன் அந்த ஆண்டை 1.12 என்ற ஈ.ஆர்.ஏ.வோடு (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விட்டுக்கொடுக்கும் ஓட்டங்களின் சராசரி) முடித்தார். அடுத்த ஆண்டே மவுண்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலத்துக்கு இறக்கிவிட்டார்கள், ஸ்ட்ரைக் ஸோனையும் சுருக்கினார்கள்.

வாங்கும்போது உயரத்தைவிட நீளத்தைப் பாருங்கள். பிட்ச் செய்யும்போது முன்கால் எட்டி வைக்கும் தூரம் கிட்டத்தட்டப் பிட்சரின் உயரத்தை நெருங்கும். ஐந்தடிப் பிள்ளையின் கால் நாலடிக்கு மேல் போய் விழும். மலிவான மவுண்டுகள் பலவற்றில் சரிவு அங்கேயே முடிந்துவிடும், அல்லது ஓரத்தில் கால் பாதி உள்ளே பாதி வெளியே விழும். அப்படி ஒரு மவுண்டில் பழகினால் பிள்ளை தன்னையறியாமல் எட்டி வைக்கும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைவிடச் சமதரையே மேல்.

பிறகு செலவுக் கணக்கு. ஆறங்குல மவுண்டில் பழகும் 12 வயதுப் பிள்ளை ஒன்றிரண்டு ஆண்டில் முழு அளவு மைதானத்துக்குப் போய்விடும், அங்கே பத்து அங்குலம். அதனால் 12 வயதில் விலை உயர்ந்த ஆறங்குல மவுண்ட் வாங்குவது வீண். 9, 10 வயதிலேயே பிட்சிங்கில் நிலைத்துவிட்ட பிள்ளைக்கு என்றால் மூன்று நான்கு பருவம் உழைக்கும். இரும்பு முள் காலணி செயற்கைப்புல்லைக் கிழித்துவிடும், ரப்பர் முள் காலணிதான் போட வேண்டும். நல்ல மவுண்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பிளைவுட் மவுண்ட் மழையில் நனைந்தால் ஊதிக்கொள்ளும், கராஜில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். தச்சுவேலை தெரிந்தவர் முக்கால் அங்குல பிளைவுட்டும் செயற்கைப்புல்லும் வைத்துத் தானே செய்துகொள்ளலாம். நீளத்தைத் தாராளமாக வைக்கலாம் என்பது அதில் உள்ள பெரிய லாபம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மவுண்டில் எறியும்போது முழங்கைக்குச் சுமை கூடுதல். எல்லாப் பழக்கத்தையும் அதன் மேலேயே வைக்காமல், வாரத்தில் ஒருமுறை கொஞ்சம் பிட்ச்களுக்கு மட்டும் எடுத்து, மற்ற நாட்களில் சமதரையில் லேசாக எறிவது நல்லது. ஆட்டம் உள்ள வாரத்தில் அந்த ஒருமுறையும் வேண்டாம்.

இடமே இல்லாதவர்கள் உள்ளரங்கில் மணிக் கணக்கில் இடம் எடுக்கலாம். பல இடங்களில் மவுண்டும் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டிவிட்டோமே என்று ஒரு மணி நேரமும் எறிய வைப்பதுதான் அங்கே நடக்கும் தவறு. அரை மணி நேரம் கிடைத்தால் அதை எடுங்கள், அல்லது அண்ணன் தம்பியைப் பேட்டிங்குக்கு அழைத்துப்போய் நேரத்தைப் பங்கிடுங்கள்.

ரேடாரும் கேமராவும்

சட்டைப்பையில் அடங்கும் ரேடார்கள் வந்த பிறகு வேகம் பார்ப்பது எல்லோருக்கும் எளிதாகிவிட்டது. அதில் வரும் எண் உண்மையானதுதான், பந்தின் பாதைக்கு நேராக வைத்தால். பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் குறைத்துக் காட்டும்.

எண்ணைப் பார்த்த பிள்ளை அடுத்த பந்தில் ஒரு மைல் கூட்டப் பார்க்கும். அதற்கடுத்ததில் இன்னொன்று. பத்தே பந்தில் பழக்கம் போட்டியாக மாறிவிடும், கால் எங்கே விழுகிறது, கிளவ் கை எங்கே போகிறது என்பதெல்லாம் மறந்துபோகும். ஆகவே 12 வயதுக்குக் கீழே ரேடார் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. அந்த வயதில் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உடல் வளர்ச்சி. சீக்கிரம் உயரமான பையன் ஜெயிப்பான், மற்றவன் மனம் உடைவான்.

பெரிய பிள்ளைகளுக்கு இரண்டு நல்ல பயன் உண்டு. ஃபாஸ்ட்பாலுக்கும் (வேகப்பந்து) சேஞ்சப்புக்கும் (வேகம் குறைத்த பந்து) உள்ள வேக வித்தியாசத்தைப் பார்ப்பது ஒன்று. வேகம் வழக்கத்தைவிடச் சட்டென்று இறங்கினால் கை சோர்ந்துவிட்டது என்று அறிந்து நிறுத்துவது இன்னொன்று. இரண்டுக்குமே திரையைப் பெற்றோரோ பயிற்சியாளரோ பார்த்தால் போதும், பிட்சர் பார்க்க வேண்டியதில்லை.

ராப்சோடோ, டிராக்மேன் போன்றவை பந்தின் சுழற்சியையும் பாதையையும் அளப்பவை. கல்லூரி அணிகளும் தொழில்முறை அணிகளும் பயன்படுத்துபவை. வீட்டுக்கு வாங்கும் பொருள் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் தீவிரமாக ஆடும் பிள்ளை என்றால் அந்த வசதி உள்ள பயிற்சிக்கூடத்தில் எப்போதாவது ஒருமுறை அளந்துகொண்டால் போதும்.

அதற்குப் பதிலாக உங்கள் கைபேசியே இருக்கிறது. மெதுவோட்டப் படம் எடுக்கும் வசதி இப்போது பெரும்பாலான பேசிகளில் உண்டு. முக்காலியில் வைத்துப் பக்கவாட்டிலிருந்து ஐந்து பிட்ச் எடுத்தால், அதை ஓட்டி ஓட்டி அரை மணி நேரம் பேசலாம். கைக்கு ஆன செலவு ஐந்து பந்து. சுழற்சி தெரிய வேண்டுமா? பழைய பந்து ஒன்றில், ஃபோர்-சீம் பிடியில் (விரல்களைத் தையலுக்குக் குறுக்கே வைக்கும் பிடி) எறியும்போது உருளும் திசையிலேயே கறுப்பு மின்நாடாவை ஒரு சுற்று ஒட்டுங்கள். சுத்தமாக எறிந்தால் கோடு கோடாகவே தெரியும், விரல் பக்கவாட்டில் நழுவினால் கோடு தள்ளாடும். பத்தடி தூரத்தில் மெதுவாகத் தூக்கிப் போட்டாலே இது தெரிந்துவிடும்.

எடைப் பந்துகள்

பேஸ்பாலைவிடக் கனமாகவும் லேசாகவும் செய்த பயிற்சிப் பந்துகள் இவை. அதிகம் கேட்கப்படுவதும், நான் அதிகம் பயப்படுவதும் இவற்றைப் பற்றித்தான். வாஷிங்டன் மாநிலத்தின் கென்ட் நகரில் உள்ள டிரைவ்லைன் போன்ற பயிற்சிக்கூடங்களால் இவை பரவின. தொழில்முறை ஆட்டக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். வேகம் கூடுகிறது என்பதும் பொய்யில்லை.

2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 13 முதல் 18 வயது வரையான 38 பிட்சர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஆறு வாரம் 2 அவுன்ஸ் முதல் 32 அவுன்ஸ் வரையான பந்துகளோடு பயிற்சி எடுத்தது. அவர்களுடைய வேகம் 3.3 சதவீதம் கூடியது. அதே குழுவில் 24 சதவீதம் பேருக்குக் காயமும் வந்தது. எடைப் பந்து எடுக்காத குழுவில் ஒருவருக்கும் இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் மணிக்கு 60 மைல் எறியும் பிள்ளைக்கு 3.3 சதவீதம் என்றால் இரண்டு மைல். நான்கில் ஒருவருக்குக் காயம் என்ற விலையில் அந்த இரண்டு மைல் தேவையா என்று பெற்றோர் யோசிக்க வேண்டும். ஒரே ஓர் ஆண்டு வளர்ந்தால் அதைவிட அதிகம் தானாகவே வரக்கூடும்.

எப்போது சரி? உடல் முற்றிய, உயர்நிலைப் பள்ளியின் மேல் வகுப்பில் இருக்கும் பிட்சர், தோளையும் முழங்கையையும் முதலில் பரிசோதித்து, அருகில் நின்று பார்க்கும் பயிற்சியாளரிடம், ஆட்டம் இல்லாத மாதங்களில் செய்வது. யூடியூப் பார்த்து வீட்டுச் சுவரில் எறிவது எந்த வயதிலும் வேண்டாம்.

மென்பந்து, கிரிக்கெட் பந்து, பொம்மைப் பேட்டர்

பேஸ்பாலின் எடை 5 முதல் 5¼ அவுன்ஸ், அதாவது 142 முதல் 149 கிராம். வீட்டில் கிடக்கிற கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். தையலும் வேறு மாதிரி. விரல்கள் பிடித்துப் பழக வேண்டிய 108 இரட்டைத் தையல் அதில் கிடையாது. மாற்றாகப் பயன்படுத்த வேண்டாம். டென்னிஸ் பந்து பேஸ்பாலின் பாதி எடைகூட இல்லை, அதை முழு விசையில் எறிந்தால் கை மிக வேகமாகச் சுழலும். மென்பந்து வேண்டும் என்றால் பேஸ்பாலின் அளவிலும் எடையிலும் தையலோடு செய்த பாதுகாப்புப் பந்துகள் கிடைக்கின்றன. எட்டு வயதுக்குக் கீழே அவையே போதும்.

பிளேட் அருகே நிறுத்தும் பொம்மைப் பேட்டர் உண்மையாகவே உதவும். ஆள் நிற்கும்போது உள்பக்கம் எறியப் பல பிள்ளைகளுக்குப் பயம். பொம்மை அந்தப் பயத்தைக் குறைக்கிறது. ஒரு கம்பில் பழைய சட்டை மாட்டினாலும் அதே வேலை நடக்கும். உண்மையான பேட்டரை நிறுத்தி அடிக்க விட்டுப் பழகினால் பிட்சருக்கு முன்னால் எல் வடிவத் தடுப்புவலை வேண்டும், பேட்டருக்கு ஹெல்மெட் வேண்டும். இடக்கைப் பிட்சர் என்றால் தடுப்பின் திறந்த பக்கத்தைத் திருப்பி வைக்க மறக்காதீர்கள்.

யாருக்கு எது

பிள்ளைக்கு 8, 9 வயது, ஆசை நிலைக்குமா தெரியவில்லை: பாதுகாப்புப் பந்து, உங்களுக்கு மிட், முகக்கவசம். வேறொன்றும் வேண்டாம்.

10 முதல் 12 வயது, அணியில் பிட்ச் செய்கிறது: கயிற்றுச் சதுரம், பின்னால் நெட், கைபேசி முக்காலி. எல்லாம் சேர்த்து இருநூறு முந்நூறு டாலருக்குள் முடியும். ஆட்டத்தில் பந்து உயரப் போகிறது என்று கோச் சொன்னால் மவுண்டைப் பற்றி யோசிக்கலாம்.

13, 14 வயது, முழு அளவு மைதானத்துக்கு மாறும் சமயம்: தூரம் ஒரேயடியாகக் கூடுவதால் பிள்ளை வலிந்து எறியும். இந்த ஆண்டு ரேடாரோ எடைப் பந்தோ வேண்டவே வேண்டாம். நல்ல பயிற்சியாளரிடம் மாதம் ஒரு வகுப்பு, அதோடு பழைய நெட்.

15-க்கு மேல், பள்ளி அணியில் இடம் உறுதி: பத்து அங்குல மவுண்ட், பெற்றோர் கையில் ரேடார்.

எந்த வயதானாலும் முழங்கையின் உட்புறத்தில் வலி என்று பிள்ளை சொன்னால் அன்றே எறிவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஐஸ் வைத்துவிட்டு மறுநாள் ஆட அனுப்ப வேண்டாம்.

மவுண்ட் வாங்குவதாக முடிவு செய்தால் பருவத்தின் தொடக்கத்தில் வாங்காதீர்கள். இலையுதிர் காலத்தில் ஆட்டத்தை விட்ட பிள்ளைகளின் வீட்டுக் கராஜ்களிலிருந்து நல்ல மவுண்டுகள் புது விலையைவிட நன்றாகக் குறைந்து விற்பனைக்கு வரும். விற்பவர் வீட்டிலேயே பிள்ளையைக் காலை எட்டி வைக்கச் சொல்லி நீளத்தைச் சரிபார்த்து எடுத்து வாருங்கள். அது கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய மாதங்களும்தான். கராஜில் சாய்த்து வைத்துவிட்டு, கோச் எறியத் தொடங்கச் சொன்ன பிறகு வெளியே எடுக்கலாம்.